கொழும்புக்குச் சைகை இல்லை

வெள்ளவத்தையில் ஸ்டேஷன் ரோட்டு முனைக் கடையில்
மயூரதன் என் கைப்பேசியின் விலாவில்
குண்டூசி குத்தித் தூத்துக்குடியை வெளியே எடுத்தான்.
சின்ன உறையில் போட்டுக் கொடுத்து
"துலைச்சுப் போடாதேங்கோ அக்கா" என்றான்.
தொலையக் கூடியதுதான்,
நகத்தளவு ஊர்.

பாஸ்போர்ட்டைப் படம் பிடித்தான்.
"கோல் எல்லாம் ஃப்ரீ. இந்தியாவுக்கும்
நூறு நிமிசம் சும்மா தாறன்."
அந்த நூறையும் அவனே வைத்துக்கொள்ளட்டும்.
என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது,
பிறந்ததிலிருந்து.
எங்கள் வீட்டில் சண்டை போடவும்
லைட் எரிய வேண்டும்.

"அப்ப டேட்டாதான்" என்றான், வேறொன்றும் கேட்காமல்.
பத்து ஜிபி.

பகலெல்லாம் துறைமுகத்தில் பெட்டி எண்ணுகிறேன்.
எங்கள் ஊரில் ஏறி, இங்கே கப்பல் மாறி
எங்கெங்கோ போகிற நாற்பதடிப் பெட்டிகளில்
மூன்றைக் காணோம்.
அதற்காகத்தான் இந்தப் பதினோரு நாள்.

இரவு எட்டு மணிக்குச் செல்வின் வருவார்.
இரண்டு கரைக்கும் கடிகாரம் ஒன்றே,
என்றாலும் அவர் கை நாலு விநாடி பிந்தித்தான் பேசும்.
சாப்பிட்டாயா என்பதற்கு நான் ஆம் என்னும்போது
அங்கே அடுத்த கேள்வி போய்க்கொண்டிருக்கும்.
மழையா? ஆம்.
என்மேல் கோபமா? ஆம்.
பிறகு அதைச் சரிக்கட்ட
இன்னொரு நூறு எம்பி.

வாய்ப்பேச்சு மலிவு.
கைப்பேச்சுக்குத் தோள் வர வேண்டும், முகம் வர வேண்டும்,
பின்னால் சுவரும் சுவரில் காலண்டரும்
சேர்ந்தே கடல் தாண்டும்.
புருவம் வந்து சேராவிட்டால்
கேள்வி கேள்வியாக இருக்காது.
படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தேன்:
விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
கையுறை போட்டவரோடு குடித்தனம்.

எழுதி அனுப்பலாமே என்றாள் அலுவலகத்து ஷிரோமி.
எழுதுகிறோமே.
சிலிண்டர் வந்தது. பால் கணக்கு முடித்தேன்.
எழுத்தில் நாங்கள் ரொம்ப மரியாதையானவர்கள்.

ஏழாம் நாள் மாலை காலிமுகத்திடல்.
மீதி நூற்றுப் பத்து எம்பி என்று குறுஞ்செய்தி.
கடலைக் காட்டினேன். அதே கடல்தான், மறுபக்கத்திலிருந்து.
இந்த ஊருக்கு என்ன சைகை என்று கேட்டார்.
தூத்துக்குடிக்கு எங்களிடம் உண்டு:
விரல் நுனியை நாக்கில் வைத்து முகம் சுளிக்க வேண்டும், உப்பு.
நாகர்கோவிலுக்கு உண்டு, அவர் அக்காள் கொண்டை.
கொழும்பை மட்டும்
எழுத்தெழுத்தாக விரலில் கட்டி வந்தோம்.
யோசிக்கிறேன் என்று சொல்லுமுன் காற்று அடித்தது.
முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினேன்.
அத்தோடு தீர்ந்தது.
என் திரையில் பாதிக் கொட்டாவியோடு அவர்.
அவர் திரையில் நான் எப்படி நின்றேனோ.

காசு கட்டும் பக்கம் மட்டும்
டேட்டா இல்லாமலே திறந்தது.
கார்டைப் போட்டேன்.
ஓடிபி, உறைக்குள் படுத்திருக்கும்
தூத்துக்குடிக்குப் போயிற்று.
லாட்ஜில் வைஃபை பலகையில் மட்டும் இருக்கிறது.
நூறாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கினால்
மயூரதன் கடையும் பூட்டு.
அன்றிரவு இருட்டில்
கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

காலையில் ரீலோட் போட்ட மறு நிமிடம்
செல்வின் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை.
வலது கையை நெற்றியோரம் தூக்கி
முடி ஒதுக்குவதுபோல் வைத்து
அப்படியே நின்றார்.
ஐந்து விநாடி. பத்து விநாடி.
மறுபடி உறைந்துவிட்டதென்று திரையைத் தட்டினேன்.

அவருக்குப் பின்னால்
காலண்டர் தாள் ஆடிக்கொண்டிருந்தது.

கையை இறக்கி என்னைக் காட்டினார்,
நீ நிற்கிற ஊர் என்று.
இரவெல்லாம் அந்தப் படத்தைத்தான்
பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பெட்டிகளில் இரண்டு கிடைத்துவிட்டன.
மூன்றாவது போகட்டும், கப்பல்காரன் பாடு.
நெற்றியோரம் கையை மறுபடி தூக்கி
அங்கிருந்து எப்போது வருகிறாய் என்றார்,
புருவத்தோடு.

மூன்று விரலைக் காட்டினேன்.
நாலு விநாடி ஆயிற்று,
அது போய்ச் சேர.